மேடு, ரிவர்ஸ், இடுக்கு: கியர் வண்டி கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் புதிதாக உரிமம் வாங்கியவர்கள் எழுதியவை. நேர் ரோட்டில் நாலாவது கியரில் போவதில் யாருக்கும் சிக்கல் இல்லை. மேட்டில் நிறுத்தி எடுக்க வேண்டும், ரிவர்ஸில் வளைக்க வேண்டும், இடுக்கில் நுழைக்க வேண்டும் என்று வரும்போதுதான் கை கால் உதறுகிறது. ஆட்டோமேட்டிக் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், ஆனால் யாரும் அதைக் கேட்கவில்லையே. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: சார், ஏற்றத்தில் இருக்கும் சிக்னலில் நிற்க நேர்ந்தால் பச்சை விழுவதற்குள் எனக்கு வியர்த்துவிடுகிறது. பின்னால் ஒட்டி நிற்கிற வண்டியில் இடித்துவிடுவேனோ என்ற பயத்தில் கிளட்சைச் சட்டென்று விட்டுவிடுகிறேன், வண்டி குலுங்கி ஆஃப் ஆகிறது. ஹேண்ட் பிரேக் போட்டு எடுத்தால் அது கத்துக்குட்டி வேலை என்று மாமா சிரிக்கிறார். என்ன செய்வது?

பதில்: மாமா சிரிக்கட்டும், நீங்கள் ஹேண்ட் பிரேக் போட்டே எடுங்கள். கால் இரண்டு, பெடல் மூன்று. சமதளத்தில் இது தெரியாது, மேட்டில் மட்டும் மூன்று பெடலுக்கும் ஒரே நேரத்தில் வேலை வந்துவிடும். இல்லாத மூன்றாவது காலின் வேலையைத்தான் ஹேண்ட் பிரேக் செய்கிறது.

ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, முதல் கியர் போட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். வண்டி நிற்கிறதா என்று ஒரு கணம் பார்த்துக்கொள்ளுங்கள், நிற்கிறது என்று கண்ணால் கண்டாலே பாதிப் பயம் போய்விடும். இப்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து இஞ்சின் சத்தத்தை ஏற்றி, அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். சும்மா நிற்கும்போது இஞ்சின் நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று வரை சுற்றும். மேட்டுக்கு 1,500 பக்கம் வேண்டும், செங்குத்தாக இருந்தால் இன்னும் கொஞ்சம். அதற்கப்புறம்தான் கிளட்ச். மெதுவாக விட்டுக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் சத்தம் கம்மிப் போகும், சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம் வரும், போனட் லேசாக மூக்கைத் தூக்கும். வண்டி முன்னால் போகத் துடிக்கிறது, ஹேண்ட் பிரேக் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். இடது காலை அந்த இடத்திலேயே கல் மாதிரி நிறுத்திக்கொண்டு ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகாமல் ஏறும். ஏறி ஒரு வண்டி நீளம் போகிற வரை கிளட்சை முழுசாக விட்டுவிட வேண்டாம். உங்கள் வண்டி ஆஃப் ஆவது இந்த இடத்தில்தான்: நகர ஆரம்பித்ததும் வேலை முடிந்தது என்று காலை எடுத்துவிடுகிறீர்கள்.

மூக்கு தூக்காமல் ஹேண்ட் பிரேக்கை மட்டும் இறக்கிவிட்டால் பின்னால் உருளத்தான் செய்யும். உருண்டால் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்து நிறுத்துங்கள், முதலிலிருந்து ஆரம்பியுங்கள். பின்னால் ஹாரன் அடிக்கிறவர் அடித்துக்கொண்டிருக்கட்டும், அவருக்கும் ஒரு நாள் முதல் மேடு இருந்திருக்கும்.

புதிய வண்டிகள் பலவற்றில் ஹில் அசிஸ்ட் இருக்கிறது. பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் சுமார் இரண்டு விநாடி பிரேக்கைத் தானே பிடித்து வைத்திருக்கும். வசதிதான், ஆனால் அதை மட்டுமே நம்பிப் பழகினால் அது இல்லாத வண்டியில் உட்காரும் அன்றைக்கு மறுபடி அரிச்சுவடி.

கேள்வி: ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலில் கிளட்சிலிருந்து காலை எடுக்கவே முடியவில்லை. நேற்று வண்டியில் ஏதோ கருகிய வாடை வந்தது. பயமாக இருக்கிறது.

பதில்: கருகியது கிளட்ச் பிளேட்தான். இஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம் ஒன்று, அதை ஒட்டி கியர்பாக்ஸோடு சேர்ந்து சுற்றும் ஒரு தட்டு, அந்தத் தட்டை அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். பெடலை மிதித்தால் பிடி விடும், பெடலை விட்டால் பிடி இறுகும். நாம் ஹாஃப் கிளட்ச் என்று சொல்வது பிடித்தும் பிடிக்காமலும் தட்டு தேய்ந்துகொண்டே சுற்றுகிற நிலை. தேய்ந்தால் சூடாகும், சூடு ஏறினால் தட்டின் மேல் இருக்கும் உராய்வுப் பூச்சு கருகும். ஒரு முறை வாடை வந்ததால் குடி முழுகிவிடாது. ஓரமாக நிறுத்தி ஆறவிட்டு எடுங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால்தான் மெக்கானிக்கிடம் போக வேண்டிய கட்டம்.

நெரிசலுக்கு வழி, முன்னால் இருக்கும் வண்டி ஒரு முழம் நகர்ந்ததும் நீங்களும் ஒரு முழம் நகராமல் இருப்பது. கொஞ்சம் இடைவெளி சேரட்டும். அப்புறம் முதல் கியரில் கிளட்சை முழுசாக விட்டு, ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல், வண்டியைத் தன் போக்கில் ஊரவிடுங்கள். நின்றால் நியூட்ரல் போட்டுக் காலை எடுத்து ஓய்வு கொடுங்கள். இடையில் எவனாவது நுழைந்தால் நுழையட்டும், கிளட்ச் பிளேட்டை விட அவன் பெரிய நஷ்டம் இல்லை. மேட்டில் பிரேக் போடாமல் கிளட்சிலேயே வண்டியைத் தொங்கவிட்டு நிற்பதும் வேண்டாம். பார்க்க லாகவமாகத்தான் இருக்கும், பிளேட்டைச் சீக்கிரம் தின்றுவிடும்.

இதோடு ஒரு பயிற்சி சொல்கிறேன், கீழே வரும் எல்லாப் பதிலுக்கும் இதுதான் அஸ்திவாரம். ஆள் நடமாட்டம் இல்லாத சமதளமாகப் பாருங்கள். முதல் கியர் போட்டு, வலது காலை ஆக்ஸிலரேட்டரில் வைக்காமல் பிரேக்குக்கு மேலே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கிளட்சை நூல் நூலாக விடுங்கள். வண்டி நகரத் தொடங்கும் இடத்தில் கால் நிற்கட்டும். ஒரு மயிரிழை உள்ளே மிதித்தால் வேகம் குறையும், ஒரு மயிரிழை விட்டால் கூடும். பக்கத்தில் ஒருவர் நடந்து வந்தால் அவர் நம்மை முந்திப் போகிற அளவுக்கு மெதுவாக ஓட்ட வேண்டும். சமதளத்தில் இதற்கு ஆக்ஸிலரேட்டர் தேவையே இல்லை, ஏனென்றால் சுமை ஏறி இஞ்சின் திணறினால் இப்போதைய வண்டிகளில் கம்ப்யூட்டரே எரிபொருளைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துக் காப்பாற்றும். முன்னால் வசப்பட்டதும் இதையே ரிவர்ஸில் செய்யுங்கள். சீட் தூரமாக இருந்தால் இது வராது. கிளட்சை அடிவரை மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும்.

பலர் இதைத் தாண்டி நேராக பார்க்கிங் பழகப் போகிறார்கள். ஸ்டீயரிங்கை எப்போது ஒடிப்பது என்று மனப்பாடம் செய்கிறார்கள். வண்டி தாறுமாறாக ஓடினால் மனப்பாடம் என்ன செய்யும்? கை யோசித்து முடிப்பதற்குள் பம்பர் போய்ச் சேர்ந்துவிடும். முதலில் கால், பிறகுதான் கை.

கேள்வி: என் மகள்தான் எனக்கு ஓட்டக் கற்றுத் தருகிறாள். மற்றதெல்லாம் வந்துவிட்டது. ரோட்டோரம் நிற்கும் இரண்டு கார்களுக்கு நடுவே ரிவர்ஸில் செருக மட்டும் வரவில்லை. ஒன்று ஓரக்கல்லில் ஏறுகிறேன், இல்லையென்றால் ரோட்டின் நடுவிலேயே நிற்கிறேன். “அம்மா, மூன்று தரம் ஒடித்தால் போதும்” என்கிறாள் அவள். மூன்று தரம் எண்ணியும் போகவில்லை.

பதில்: எண்ணிக்கையை விட்டுவிடுங்கள் அம்மா. உங்கள் மகள் பழகிய வண்டியில் அது சரியாக இருந்திருக்கும். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஸ்டீயரிங் எத்தனை சுற்று சுற்றும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், வண்டியின் நீளமும் மாறும். ஸ்டீயரிங்கை எண்ணுவதை விட வண்டி எங்கே போகிறது என்று பார்ப்பது மேல்.

ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றது தானாக வரும். திரும்புவது முன்சக்கரம் மட்டும்தான், பின்சக்கரம் எப்போதும் நேராகத்தான் இருக்கும். அதனால் வளையும்போது வண்டி பின்சக்கரத்தின் பக்கம் மையம் வைத்துத்தான் சுழல்கிறது. ரிவர்ஸில் பின்பக்கம் நீங்கள் ஒடித்த திசையில் அடக்கமாக உள்ளே நுழையும், மூக்கு எதிர்ப்பக்கம் அகலமாக வீசும். எல்லாரும் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருக்க, இடிப்பது என்னவோ முன்பக்க மூலையாகத்தான் இருக்கும். ரிவர்ஸ் கேமராவிலும் இந்த மூக்கு தெரியாது.

சரி, செய்முறைக்கு வருவோம். இடம் உங்கள் வண்டியின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். நாலு மீட்டர் வண்டிக்கு ஆறு மீட்டர். முன்னால் நிற்கும் காருக்கு இணையாக, அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, இரண்டு வண்டியின் பின் பம்பரும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வரும்படி நிறுத்துங்கள். நிறுத்தும்போது வண்டி நேராக இருக்க வேண்டும். இங்கே கோணல் இருந்தால் கடைசி வரை கோணல்தான்.

சுற்றிலும் பார்த்துவிட்டு, மேலே சொன்ன நத்தை வேகத்தில் பின்னால் நகரத் தொடங்கியதும் ஓரக்கல் பக்கம் முழுசாக ஒடியுங்கள். இந்த நேரத்தில் மூக்கு ரோட்டுப் பக்கம் வீசும், அந்தப் பக்கம் வண்டி வருகிறதா என்று ஒரு பார்வை. ரோட்டுப் பக்கத்துக் கண்ணாடியில், பின்னால் நிற்கும் காரின் முன்முகம் முழுசாகத் தெரியும் ஒரு கட்டம் வரும். வண்டி கிட்டத்தட்ட 45 டிகிரி சாய்ந்திருக்கும். அங்கே ஸ்டீயரிங்கை நேராக்கி, அப்படியே சாய்வாகவே பின்னால் போங்கள். உங்கள் முன்மூலை முன்னால் இருக்கும் காரின் பின் பம்பரைத் தாண்டிவிட்டது என்று தெரிந்ததும் எதிர்ப்பக்கம் முழுசாக ஒடியுங்கள், மூக்கு உள்ளே வந்து அமர்ந்துவிடும்.

உங்கள் இரண்டு கோளாறும் நடுவில் இருக்கிற அந்தச் சாய்வான ஓட்டத்தில்தான் பிறக்கின்றன. எதிர்ப்பக்கம் சீக்கிரம் ஒடித்தால் ரோட்டின் நடுவில் நிற்பீர்கள். தாமதமாக ஒடித்தால் பின்சக்கரம் ஓரக்கல்லில் ஏறும். ஓரக்கல் பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்துக்கொண்டால் பின்சக்கரமும் கல்லும் சேர்ந்தே தெரியும், நெருங்கி வருகிறதா என்று நேராகவே பார்த்துக்கொள்ளலாம். முடிந்ததும் கண்ணாடியைப் பழையபடி ஏற்ற மறக்க வேண்டாம். வரவில்லையென்றால் வெளியே வந்து திரும்ப ஆரம்பியுங்கள். உள்ளேயே முன்னும் பின்னும் ஆட்டிச் சரிசெய்யப் பார்ப்பதை விட அது சுலபம். நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைச் சுற்றினால் டயர் தேயும் என்பார்கள், உண்மைதான். பழகும் காலத்தில் அதற்காக அலட்டிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: தூண்களுக்கு நடுவே வண்டியை முன்பக்கமாக நுழைத்தேன். முன்பக்கம் தாராளமாகப் போய்விட்டது, பின் கதவு தூணில் உரசிவிட்டது. எப்படி?

பதில்: மேலே அம்மாவுக்குச் சொன்னதன் மறுபக்கம். முன்னால் போகும்போது வளைவின் உட்புறத்தில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, குறுக்கே வெட்டிக்கொண்டு வரும். முன்சக்கரம் தூணைத் தாண்டியதும் ஒடிக்காதீர்கள், தூண் உங்கள் தோளுக்கு நேரே வருகிற வரை பொறுங்கள். இடம் குறுகலாக இருந்தால் முன்பக்கமாக நுழைவதே வேண்டாம், ரிவர்ஸில் நுழையுங்கள். திருப்பும் சக்கரம் வெளியே இருக்கும்போதே கஷ்டமான வேலையை முடித்துவிடலாம், கிளம்பும்போது ரோட்டைப் பார்த்தபடி நேராக வெளியே வரலாம்.

கேள்வி: ரிவர்ஸ் கியர் போடும்போது சில நேரம் கரகரவென்று அரைக்கிறது, சில நேரம் விழவே மாட்டேன் என்கிறது. கியர்பாக்ஸ் கெட்டுவிட்டதா?

பதில்: கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. முன்னால் போகும் கியர்களில் இரண்டு பற்சக்கரங்களின் வேகத்தையும் ஒன்றாக்கிக் கோத்துவிடும் சிங்க்ரோமெஷ் இருக்கும். பல வண்டிகளில் ரிவர்ஸுக்கு மட்டும் அது கிடையாது. அதனால் வண்டி துளிகூட உருளாமல் நிற்க வேண்டும், கிளட்சை அடிவரை மிதித்து இரண்டு மூன்று விநாடி பொறுத்துப் போட வேண்டும். கிளட்சை மிதித்த பிறகும் உள்ளே ஒரு தண்டு கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும், அது அடங்குவதற்குள் போட்டால்தான் அரைக்கும். அவசரமென்றால் முதலில் ஏதாவது முன் கியரைப் போட்டுவிட்டு அங்கிருந்து ரிவர்ஸுக்குப் போங்கள், சுற்றல் நின்றுவிடும். விழவே இல்லையென்றால் பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டிருக்கிறது. நியூட்ரலில் கிளட்சை ஒரு முறை விட்டு மிதித்து மறுபடி போடுங்கள். லீவரை அழுத்திப் போடும் வண்டியும் உண்டு, வளையத்தைத் தூக்கிப் போடும் வண்டியும் உண்டு, புது வண்டியில் ஏறினால் முதலில் அதைப் பாருங்கள். ரிவர்ஸில் போகும்போது வரும் ஊய் என்ற சத்தம் நோய் இல்லை, பல வண்டிகளில் அந்தக் கியருக்கு மட்டும் பற்கள் நேராக வெட்டப்பட்டிருக்கும், அதன் குரல் அப்படி.

கேள்வி: நீளமான இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிச்சமாகும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். மிச்சமும் ஆகாது. இன்ஜெக்‌ஷன் இஞ்சின்களில், வண்டி கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே இஞ்சினைச் சுற்றுவதால் எரிபொருள் வரத்தே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால் இஞ்சின் அணையாமல் இருக்கவாவது எரிபொருள் எரிந்துகொண்டுதான் இருக்கும். அதாவது உங்கள் நண்பர் மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவு செய்கிறார்.

அதைவிடப் பெரிய விஷயம் பிரேக். நியூட்ரலில் இஞ்சின் வண்டியைப் பிடித்து இழுக்காது, பாரம் முழுக்க பிரேக் மேல் விழும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் காய்ந்து பிடி குறையும், சூடு மிஞ்சினால் பிரேக் ஆயில் கொதித்துப் பெடல் தொளதொளவென்று ஆகிவிடும். ஏறுவதாக இருந்தால் எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே அந்தக் கியருக்கு வந்துவிடுங்கள், வேகம் பிடித்த பிறகு தேட வேண்டாம்.

இறக்கத்தில் இஞ்சின் ஆஃப் ஆகிவிட்டால் என்ன செய்வது என்று இன்னொருவரும் கேட்டிருந்தார், அவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரேக்குக்கு உதவி செய்யும் காற்றழுத்த அமைப்பு இஞ்சினால் இயங்குவது. அணைந்த பிறகு ஒன்றிரண்டு மிதிக்கு மட்டும்தான் அந்த உதவி மிச்சம் இருக்கும். ஆகவே விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். பெடல் இறுகினாலும் பிரேக் செத்துவிடவில்லை, பலமாக மிதித்தால் பிடிக்கும். ஸ்டீயரிங்கும் கனக்கும், திரும்பத்தான் செய்யும். சாவியை மட்டும் உருவிவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

கேள்வி: ரேஸ் ஓட்டுநர்கள் ஒரே காலால் பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் மிதிக்கிறார்களாமே, கற்றுக்கொள்ளட்டுமா? ஒரு கியர் மாற்ற கிளட்சை இரண்டு தரம் மிதிக்கும் டபுள் கிளட்ச்?

பதில்: இரண்டும் வேண்டாம். டபுள் கிளட்சின் வேலையைச் செய்ய சிங்க்ரோமெஷை 1928-லேயே அமெரிக்க கார் நிறுவனமான கேடிலாக் கொண்டுவந்துவிட்டது. கீழ் கியருக்கு வரும்போது வண்டி உதறினால் கிளட்சைக் கொஞ்சம் நிதானமாக விடுங்கள், போதும்.

கேள்வி: சரிவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போகவே மனசு வரவில்லை. ஹேண்ட் பிரேக் மட்டும் போதுமா?

பதில்: போதாது, கியரும் போட்டு வையுங்கள். மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ். பிறகு முன்சக்கரம். பள்ளத்தைப் பார்த்து நின்றால் சக்கரத்தை ஓரக்கல் பக்கம் திருப்பி வையுங்கள், மேட்டைப் பார்த்து நின்றால் ரோட்டுப் பக்கம் திருப்பி வையுங்கள். இரண்டிலும் வண்டி உருண்டால் டயர் கல்லில் போய் முட்டி நிற்கும். ஓரக்கல்லே இல்லாத ரோட்டில் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் ஓரத்துக்கே திருப்புங்கள், உருண்டால் போக்குவரத்துக்குள் போகாது. பிரேக்கில் கால் இருக்கும்போதே ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, காலை எடுத்து வண்டி அசைகிறதா என்று பார்த்துவிட்டுக் கியர் போட்டு இறங்குங்கள்.

திரும்பி வந்து எடுக்கும்போது கியர் விழுந்தே இருக்கும், மறந்துபோய்ச் சாவியைத் திருப்பினால் சில வண்டிகள் ஒரு முழம் துள்ளும். கிளட்சையும் பிரேக்கையும் மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள், சக்கரம் திரும்பியிருப்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.